ரொறன்ரோவில் பிடிபட்ட துணை விண்மீன்

1995 ஒக்டோபர். ஞாயிறு, பிற்பகல்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: வந்த நோக்கம் என்ன? விசாப் படிவத்தில் ‘நண்பரைப் பார்க்க’ என்று எழுதியிருந்தேன். படிவத்தில் எழுதியதையே வாயாலும் சொல்லவேண்டும் என்பது பயணிகளுக்கான முதல் விதி. அதை மறந்தவர்கள் பக்கத்துக் கண்ணாடி அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே நண்பரைப் பார்க்க என்றேன். முழு உண்மை கொஞ்சம் நீளமானது. என் நண்பன் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கடிதம் எழுதியிருந்தான். அதில் பிழை எங்கே இருக்கிறது என்று பார்க்க நான் மதராஸிலிருந்து லண்டன் வழியாக வந்திருந்தேன். அதற்கு அந்தப் படிவத்தில் இடம் விடவில்லை.

சுங்கத்தில் என் பெட்டியிலிருந்த வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், அப்பளம் மூன்றையும் எழுதிக் காட்டினேன். அந்தப் பெண் அதிகாரி படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியைத் திறக்கச் சொல்லாமலே போகச் சொன்னாள். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறவனைச் சோதிப்பதில் எந்த நாட்டு அதிகாரிக்கும் சுவாரசியம் இல்லை.

நண்பன் வரவில்லை. வியாழக்கிழமை அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் உரை. படங்கள் தயாரித்துக்கொண்டிருப்பதால் டாக்ஸி பிடித்து யூனியன்வில் வீட்டுக்கு வரும்படி அவன் மனைவி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். டாக்ஸி ஓட்டியவன் முப்பது வயது மதிக்கத்தக்க யாழ்ப்பாணத்துப் பையன். என் நெற்றியைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தைக் கைவிட்டான்.

“அங்கிள் எவடம்?”

“மானிப்பாய். ஆனால் இந்தியாவில இருந்து வாறன். முப்பது வருசமா அங்கதான்.”

“யூனியன்வில்லில ஆர்?”

“ஃப்ரெண்ட். யூனிவேர்சிட்டியில நட்சத்திர ஆராய்ச்சி.”

“உண்மையாவோ? அதுக்குச் சம்பளம் குடுக்கினமோ?”

“குடுக்கினம்.”

“எவ்வளவு?”

“அதைத்தான் தம்பி நானும் அறிய வந்தனான்.”

அவன் சிரித்துக்கொண்டே 401 நெடுஞ்சாலையில் ஏறினான். ஒரு பக்கத்துக்கு ஆறு நிரையாகக் கார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் தூரத்துக்கு நாற்பத்தைந்து டொலர் வந்தது. அந்தத் தொகையில் மதராஸிலிருந்து நான் வேலை பார்த்த மலைக்குப் போய் வந்து மீதியில் ஒரு கம்பளியும் வாங்கலாம்.

இங்கே அந்த விண்மீனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவன் ஏன் விமானச் சீட்டுக்கு இவ்வளவு செலவழித்தான் என்பது விளங்காது.

நானும் இந்த நண்பன் இராசநாயகமும் கொழும்பில் ஒன்றாகப் பௌதிகம் படித்து, அறுபதுகளில் தென்னிந்தியாவில் ஒரு மலைமேலிருந்த வானாய்வு நிலையத்தில் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர்கள். அங்கே எனக்குக் கிடைத்த வேலை வேகமாகச் சுழலும் விண்மீன்களின் நிறமாலையைக் கண்ணாடித் தகடுகளில் பதிவதும் அளப்பதும். அவற்றில் ஒன்றுக்குப் பெயர் கிடையாது, பட்டியல் எண் மட்டும். நாங்கள் அதைப் பம்பரம் என்றோம். நமது சூரியன் ஒரு முறை தன்னைச் சுற்ற ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். பம்பரத்துக்கு ஒரு நாள்கூட வேண்டாம். அந்தச் சுழற்சியில் அதன் நிறமாலைக் கோடுகள் எல்லாம், ஈர மையில் விரலை வைத்து இழுத்ததுபோல, அகலமாக மங்கிக் கிடக்கும்.

ஒரு விண்மீன் தானாக இவ்வளவு வேகம் எடுக்காது, யாரோ சுழற்றிவிட்டிருக்க வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான். பக்கத்தில் ஒரு துணை இருக்கிறது, அது சிறியது, மங்கலானது, ஆனால் மிகச் சூடானது என்று எங்கள் ஆண்டறிக்கையில் எழுதினேன். எழுதியதோடு சரி. காட்ட முடியவில்லை. சூடான துணை தன் ஒளியைப் பெரும்பாலும் புற ஊதாவில்தான் வீசும். புற ஊதா நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. மலைமேல் ஏறி நின்றாலும் வராது. இருபது ஆண்டுகள் தகடுகளை அளந்தேன். பம்பரம் லேசாக முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது. ஆட்டுவது தெரியவில்லை.

நாயகம் நான்கு ஆண்டுகளில் மலை குளிர்கிறது என்று சொல்லிக் கனடாவுக்குப் போனான். போகும்போது பம்பரத்தின் அளவுகளை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். பயணம் செய்கிறவனுக்கு வாசிக்க ஏதாவது வேண்டுமே என்று நினைத்தேன். இப்போது ஒரு செயற்கைக்கோள் காற்றுக்கு மேலே நின்று புற ஊதா நிறமாலைகளை எடுத்துக் குவித்துவிட்டது. யாரும் கேட்டு வாங்கலாம். நாயகம் நாற்காலியிலிருந்து எழும்பாமலே வாங்கி, என் விண்மீனின் துணையைப் பிடித்துவிட்டானாம். அவன் கடிதத்தில் ‘எங்கட பம்பரம்’ என்று எழுதியிருந்தான். அந்தச் சொல்லைத்தான் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, மாலை.

யூனியன்வில்லில் நாயகத்தின் வீடு செங்கல்லால் கட்டியது. காருக்குத் தனி அறை, அறைக்குக் கதவு, கதவுக்குப் பொத்தான். கோப்பை கழுவ இயந்திரம், அந்த இயந்திரத்துக்கு முன்னால் கோப்பைகளைக் கழுவிக் கொடுக்க அவன் மனைவி புஷ்பம். நாயகத்துக்குத் தலை முழுக்கப் பஞ்சாகியிருந்தது; அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கட்டிப்பிடித்தான்.

“என்னடாப்பா தில்லை, உனக்கு வயசே போகேல்லை!”

“எனக்குப் பிரமோசன் வரேல்லை. அதால வயசும் வரேல்லை.”

புஷ்பம் வடகத்தை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, “அண்ணை, உவர் மூண்டு நாளாச் சாப்பாட்டு மேசையில பேப்பரைப் பரப்பி வைச்சிருக்கிறார். நாங்கள் சாப்பிடுறது சோபாவில. நீங்களாவது சொல்லுங்கோ” என்றாள்.

மேசையில் இருந்தது வரைபடம். கடைசியில் பார்த்தே விட்டேன்.

அவன் செய்த முறை நல்ல முறை. அதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. துணையின் கோடுகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியாத அளவுக்கு மங்கல். ஆனால் அது சுழலாத விண்மீன், ஆகவே கோடுகள் கூர்மை. அப்படிச் சூடான ஒரு விண்மீனில் எந்தெந்த இடத்தில் கோடு விழவேண்டும் என்பது தெரியும். அந்த இடங்களையெல்லாம் பற்களாகக் கொண்ட ஒரு சீப்பைக் கணினியில் செய்து, நிறமாலையின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டு போனான். பற்கள் எல்லாம் கோடுகளில் ஒரே நேரத்தில் விழுகிற இடத்தில், நூற்றுக்கணக்கான மங்கல்கள் கூடி ஒரு சின்ன மேடு எழும்புகிறது. அந்த மேடு இருக்கும் இடம் துணையின் வேகத்தைச் சொல்லும். பம்பரம் இந்தப் பக்கம் வந்தால் துணை அந்தப் பக்கம் போகவேண்டும். போகிறது. வரைபடத்தில் புள்ளிகள் ஓர் அலைமேல் ஏறி இறங்கின.

எல்லாப் புள்ளிகளும் அல்ல.

“உதுகள் என்ன, வெளியில நிக்குது?” என்றேன்.

“பம்பரத்தைச் சுத்தி வாயு கிடக்கெல்லே. அந்தக் குழப்பமாயிருக்கும்.”

நான் தலையாட்டினேன். ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் நிறமாலை எடுத்த தேதியை அவன் ஒழுங்காகப் போட்டிருந்தான். அந்தப் பழக்கம் நான் பழக்கியது. வெளியே நின்ற புள்ளிகளில் ஓகஸ்ட் மாதத்தவை அலைக்கு மேலே நின்றன. பெப்ரவரி மாதத்தவை கீழே. வாயு நாட்காட்டி பார்ப்பதில்லை. நாட்காட்டி பார்த்து நடக்கிற ஒன்று உண்டு: பூமி. நாம் சூரியனைச் சுற்றி ஓடுகிறோம், ஆகவே ஆண்டில் பாதி பம்பரத்தை நோக்கியும் பாதி விலகியும் போகிறோம். அந்த ஓட்டத்தைக் கணக்கிலிருந்து கழிப்பது முதலாம் ஆண்டு மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் திருத்தம்.

“டேற்றா எல்லாம் எப்பிடி வந்தது?” என்று தேநீரை ஊதிக்கொண்டே கேட்டேன்.

“முந்தினது காந்த நாடாவில வந்தது. இந்த வருசத்தது நெற்வேர்க்கில இறக்கினனான். ஏன்?”

“சும்மா.”

சும்மா அல்ல. அந்தச் செயற்கைக்கோளின் நிறமாலைகளை அண்மையில் புதிதாகத் திருத்தி வெளியிட்டார்கள். புதிய கோப்புகளில் பூமியின் ஓட்டத்தை அவர்களே கழித்துத்தான் கொடுக்கிறார்கள். இதைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பிய அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அறிவிப்புகளை வாசிக்கிறவன் உலகத்தில் நான் ஒருவன்தான். நாயகம் பழையதையும் புதியதையும் ஒரே நிரலில் போட்டு அரைத்திருக்கிறான். புதியவற்றில் திருத்தம் இரண்டு முறை விழுந்திருக்கிறது.

அன்றிரவு விருந்தினர் அறை மெத்தையில் மிக நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்.

றிச்மண்ட் ஹில்லில் பேவியூ வீதியிலிருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் புஷ்பம் காரில் அழைத்துப்போனாள். இங்கே கால்நடையாக எங்கும் போக முடியாது. பால் வாங்கவும் கார், பிள்ளையாருக்கும் கார். கோயில் பெரியது, உள்ளே வெப்பமூட்டி, வெளியே நூறு கார் நிற்க இடம். செருப்பு வைக்கும் இடத்தில் பனிச்சப்பாத்துக்கும் தட்டு அடித்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்ரௌவ்வில் பக்கம் இனி வீட்டு விலை ஏறும் என்று அடித்துச் சொன்னார்.

புஷ்பம் நாயகத்தின் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினாள். ஐயர் நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

“சதயம்” என்றவள், என் பக்கம் திரும்பி மெதுவாக, “அண்ணை, உங்களுக்குத் தெரியாது. உவரின்ர வேலை வருசா வருசம் புதுப்பிக்கிற கொன்ராக்ட். வியாழக்கிழமைப் பேச்சை ஹெட் வந்து கேப்பாராம், பேந்துதான் அடுத்த வருசத்தைப் பற்றி முடிவாம். வெள்ளிக்கிழமை கட்டுரையும் அனுப்பவேணும். அமெரிக்காவில ஒரு குறூப் உதையே செய்யினமாம். வீட்டுக் கடன் இன்னும் கிடக்கு. பிள்ளையார்தான் காப்பாத்தவேணும்” என்றாள்.

எனக்கு இது செய்தி. அவனுடைய கடிதங்களில் பேராசிரியர் என்றுதான் கையெழுத்திருக்கும். நிரந்தர வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில் ஒரு கணம் மிக உயரமாக உணர்ந்தேன். ஓய்வூதியம் குறைவுதான், ஆனால் எந்தத் தலைவரும் வந்து கேட்கவேண்டியதில்லை. பிறகு தீபம் காட்டினார்கள். புஷ்பம் கண்ணை மூடி வேண்டினாள். நானும் மூடினேன். ஒரே பிள்ளையாரிடம் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விண்ணப்பங்கள். அலுவலக நடைமுறைப்படி முதலில் பதிவானதற்கே முன்னுரிமை. அவள் சீட்டு வாங்கியிருந்தாள், நான் வாங்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று வாசகர் நினைக்கலாம். காரில் சொல்லியிருக்கலாம், சோபாவில் சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். நான் எதிர்பார்த்தது இது: திருத்தத்தைச் சரிசெய்தால் அந்த மேடே கரைந்துபோகும். அவன் துணை விண்மீன் என்று பிடித்து வைத்திருப்பது பூமியின் ஓட்டமாகவே இருக்கும். அப்படியானால் பம்பரத்தின் துணையை இதுவரை யாரும் பார்க்கவில்லை, இருக்கிறது என்று சொன்னவன் மட்டும்தான் உண்டு. அது நான். இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லி வீணாக்க மனம் வரவில்லை.

வியாழன்.

அன்று காரை ஃபிஞ்ச் நிலையத்தில் நிறுத்திவிட்டுச் சுரங்க ரயிலில் நகரத்துக்குப் போனோம். தலைக்கு இரண்டு டொலர். நாயகம் வழி முழுக்க உரைக்கான படங்கள் பதித்த ஒளித்தாள்களை மடியில் வைத்து ஒன்றொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தான். எக்லிண்டன் நிலையம் வந்தபோது, “மச்சான், முப்பது வருசத்துக்குப் பிறகு முதல் முதலா எனக்கு நானே சரியெண்டு படுகிற ஒரு விசயம்” என்றான்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்றேன். நான் அன்று சொன்ன ஒரே பொய் அது. பிறகு அதுவும் பொய்யாக நிற்கவில்லை.

கூட்ட அறையில் முப்பது பேர் இருந்தார்கள். பின்னால் கோப்பி, பிஸ்கட். துறைத் தலைவர் நெட்டையான மனிதர், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாயகம் நன்றாகப் பேசினான். ஊரில் மேடை ஏறினால் தொண்டை கட்டும் ஆள், ஆங்கிலத்தில் நகைச்சுவை சொன்னான், வெள்ளைக்காரர் சிரித்தார்கள். துணை எப்படி உண்டானது என்று விளக்கினான். ஒரு காலத்தில் இரண்டில் பெரியது அதுதான். வயது ஏற ஏறத் தன் வாயுவையெல்லாம் பக்கத்திலிருந்ததற்குக் கொட்டிக்கொடுத்தது. வாங்கினது பருத்தது, வாங்கின வேகத்தில் சுழலத் தொடங்கியது. கொடுத்ததற்கு மிஞ்சியது உரிந்த உட்கரு மட்டும்: சிறியது, ஒருவர் கண்ணுக்கும் படாதது, கொதித்துக்கொண்டிருப்பது. அறையில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நேரடி உதாரணம் கிடைத்திருக்கும்.

கேள்வி நேரம் வந்தது. இரண்டு பேர் பாராட்டையே கேள்வியாகக் கேட்டார்கள். நான் கையை உயர்த்தினேன்.

“நிற்கிற கோடுகள் எங்கே நிற்கின்றன?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

இதை விளக்கவேண்டும். விண்மீனுக்கும் நமக்கும் இடையில் பரந்து கிடக்கும் வாயுவும் நிறமாலையில் சில கோடுகளைப் போடும். அந்த வாயு எந்த விண்மீனையும் சுற்றுவதில்லை. ஆகவே எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்தக் கோடுகள் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். அவை நின்றால் திருத்தம் சரி, அவை ஆடினால் திருத்தம் பிழை. எங்கள் மலையில் எந்தத் தகட்டை அளந்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நாயகம் அந்தக் கோடுகளைப் பார்த்திருக்கவில்லை. சீப்பின் பற்களுக்கு அவை இடைஞ்சல். போலி மேடு எழும்பிவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்பாக அவற்றை வெட்டி எறிந்திருந்தான். மிகவும் கவனமான ஒருவன்தான் இந்தப் பிழையை விடமுடியும். நல்ல வேலைக்காரன் வீட்டைக் கூட்டும்போது மட்டப்பலகையையும் சேர்த்துக் குப்பையில் போட்டதுபோல.

“வெட்டிவிட்டேன்” என்றான்.

“பார்க்காமலா?”

நான் எழுந்து நின்று ஓகஸ்ட், பெப்ரவரிப் புள்ளிகளைப் பற்றியும், இரண்டு வழியாக வந்த கோப்புகளைப் பற்றியும் நிதானமாகச் சொன்னேன். முப்பது பேரும் திரையைப் பார்த்தார்கள். தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டத் தொடங்கினார். நாயகத்தின் முகம் எங்கள் மலையில் மழைக்காலத்தில் குவிமாடத்தை மூடிவிட்டு வருகிறவனின் முகம்போல ஆனது. இருபது ஆண்டுகள் அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். இன்னொருவரிடம் பார்ப்பது வேறு அனுபவம்.

“பிற்பகல் திருத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று ஆங்கிலத்தில் முடித்துக்கொண்டான். நடைபாதையில் வந்ததும்தான் தமிழ் வந்தது.

“ஏன்ரா உதை வீட்டில சொல்லேல்லை? நாலு நாளா என்ர சோத்தைத் திண்டுகொண்டு இருந்தனியெல்லே!”

“வீட்டில நீ கேள்வி கேக்கச் சொல்லேல்லை. இங்க கேட்டாங்கள்.”

“நீ மனுசனோடாப்பா?”

“முதல் வெட்டின கோடுகளைத் திருப்பிப் போடு. கோபத்தைப் பேந்து படலாம்.”

அவனுடைய அறையில் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் கனடாத் தபால்தலையில் இருப்பதுபோலவே நின்றது. அவன் விசைப்பலகையில் உட்கார, நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, எது நாடாவில் வந்தது எது நெற்வேர்க்கில் வந்தது என்று கேட்டுப் பிரித்தேன். வெட்டிய கோடுகள் திரும்பி வந்தன. ஆடின. ஓகஸ்ட் வலப்பக்கம், பெப்ரவரி இடப்பக்கம். அழகாக, ஒழுங்காக, நான் சொன்னபடியே ஆடின.

“கண்டியோ?” என்றேன்.

“கண்டன். பேசாமல் இரு.”

இரண்டாம் திருத்தத்தை எடுத்தான். கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, தூக்குக்குண்டு பிடித்ததுபோல நேராக நின்றன. பிறகு அவற்றை மறுபடி முறைப்படி வெட்டிவிட்டு, எல்லா நிறமாலைகளையும் துணையின் வேகத்துக்கு நகர்த்தி ஒன்றாகக் கூட்டி, சீப்பை ஓட்டினான். அந்தக் கணினி யோசிக்க நேரம் எடுத்தது. நாயகம் நகத்தைக் கடித்தான். நான் மேடு கரைவதற்காகக் காத்திருந்தேன்.

கரையவில்லை. காலையில் அறையில் காட்டியது ஒரு சோம்பலான, அகன்ற மேடு. இப்போது திரையில் எழும்பியது கோயில் கோபுரம். குறுகலாக, உயரமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது. வெளியே நின்ற புள்ளிகள் எல்லாம் வந்து அலைமேல் அமர்ந்தன. பிழையால் தெரிந்த மேடு அல்ல அது. பிழையையும் மீறித் தெரிந்த மேடு. என் துணை விண்மீன் அங்கே இருந்தது. இருபது ஆண்டுகள் நான் தேடியது. அவனுடைய திரையில்.

நாயகம் நாற்காலியோடு சுழன்று என்னைப் பிடித்து உலுக்கினான். “பிடிச்சிட்டமடா! தில்லை, பிடிச்சிட்டமடா!”

‘பிடிச்சிட்டம்’ என்றான். நான் அந்தப் பன்மையைக் கவனித்தேன், நம்பவில்லை. சத்தம் கேட்டுத் துறைத் தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்து நீண்ட நேரம் நின்றார். பிறகு நாயகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, திங்கட்கிழமை அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசலாம், நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்றார். என் பக்கம் திரும்பி எந்த நிறுவனம் என்று கேட்டார். ஓய்வு பெற்றவன் என்றேன். அந்த நிறுவனத்தை அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் கை குலுக்கினார், ஆனால் சுருக்கமாக.

வெள்ளி.

கட்டுரை போகவில்லை, படங்களையெல்லாம் மாற்றி வரையவேண்டும், அடுத்த வாரம்தான் போகும் என்றான். சாப்பாட்டு மேசை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. புஷ்பம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, என் வடகத்தைப் பொரித்தாள். அவளுக்கு விருந்தினர்மேல் அன்பு பொங்கியது.

“அண்ணை, நீங்கள் வராட்டி உவர் இண்டைக்கு அப்பிடியே அனுப்பியிருப்பார். பிழையோட. அமெரிக்காக்காரர் பாத்துச் சிரிச்சுப்போட்டு, தாங்கள் சரியாச் செய்து பேரை எடுத்திருப்பினம்.”

“ஓம் ஓம்” என்றான் நாயகம், வாய் நிறையப் புட்டோடு. “இவன் மானத்தை வாங்கினாலும் வேலையைக் காப்பாத்திப்போட்டான்.”

எடுத்த வடகத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன். இவ்வளவு எளிய வழி ஒன்று இருந்திருக்கிறது. நான் மதராஸிலேயே இருந்திருந்தால் போதும். அல்லது வந்து, சாப்பிட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்து, வாயைத் திறக்காமல் போயிருந்தால் போதும். அவன் தானாகவே விழுந்திருப்பான். விண்ணப்பிப்பதற்கு, அளப்பதற்கு, திருத்துவதற்கு, கோப்பை மேலே அனுப்புவதற்கு எல்லாவற்றுக்கும் நடைமுறை தெரிந்த எனக்கு, பொறாமைப்படுவதற்கு மட்டும் நடைமுறை தெரியவில்லை. பிழையைக் கண்டால் சுட்டிக்காட்டும் பழக்கம் அதற்கு முற்றிலும் எதிரானது.

சனி.

விமான நிலையத்துக்கு இந்த முறை அவனே கொண்டுவந்து விட்டான். 401இல் மழை. கண்ணாடி துடைப்பான் ஆடிக்கொண்டிருக்க, முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

“கட்டுரையில உன்ர பேரையும் போடப்போறன். என்ர பேருக்குப் பிறகு.”

அந்தப் ‘பிறகு’ எனக்குப் பிடிக்கவில்லை. நூலகங்கள் இருக்கும்வரை, உலகம் முழுவதும், அவனுக்குப் பிறகு நான். துணை இருக்கிறது என்று ஆண்டறிக்கையில் முதலில் எழுதியவன் நான்.

“வேண்டாம். கூட்டத்தில கேள்வி கேட்டவனுக்குப் பேர் போடுற நடைமுறை இல்லை. விரும்பினால் கடைசியில நன்றி எண்டு ஒரு வரி போடு.”

“அட, கேள்வியோ? பம்பரத்தைத் தந்தவன் நீ. அளவு தந்தவன் நீ. பிழையும் நீதான் பிடிச்சனி.”

“நடைமுறை நடைமுறைதான்.”

“உன்ர குணம் மாறேல்லையடாப்பா” என்றான். அவனுக்கு வருத்தம் என்பது தெரிந்தது. அதை வைத்து வாசல்வரை கொஞ்சம் திருப்தியாக நடந்தேன். பெட்டியைத் தூக்கித் தந்துவிட்டு, “போய்ச் சேந்தவுடன போன் எடு” என்றான்.

ஞாயிறு. லண்டன்.

மதராஸ் விமானத்துக்கு மாலைவரை காத்திருக்கவேண்டும். லண்டன் விமான நிலையத்தில் உட்காருவதற்குக் காசு இல்லை, உட்கார்ந்து தேநீர் குடிக்கத்தான் காசு. ரொறன்ரோ போன்றே இங்கும் எல்லாம் ஒழுங்கு, ஆனால் ரொறன்ரோவில் ஒழுங்கைப் புதிதாக வாங்கி ஒட்டியிருக்கிறார்கள், இங்கே அது கறைபடிந்து பழகிவிட்டது. எங்கள் மலையில் ஒழுங்கு என்பது என் கையெழுத்து மட்டும்தான். நான் ஓய்வுபெற்ற பிறகு அதுவும் இல்லை என்று கேள்வி.

தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெயர் வராவிட்டால் அவனுக்குப் பிறகு நான் இல்லை, சரி. ஆனால் அவனுக்கு முன்னாலும் நான் இல்லை. பக்கத்திலும் இல்லை. பம்பரத்தின் துணையைப் பற்றி வாசிக்கப்போகிற ஒருவன் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் என்னைச் சந்திக்கப்போவதில்லை. நன்றி வரியை யாரும் வாசிப்பதில்லை. அறிவிப்புகளையே வாசிக்காதவர்கள் அதையா வாசிக்கப்போகிறார்கள்?

ஐந்து பவுண் தாளை மாற்றிச் சில்லறை வாங்கி, தொலைபேசிக் கூண்டுக்குள் போனேன். ரொறன்ரோவில் அப்போது காலை ஏழு மணி இருக்கும். இரண்டாவது மணியிலேயே புஷ்பம் எடுத்தாள்.

“அண்ணையோ? போய்ச் சேந்திட்டியளோ?”

“இல்லைப் பிள்ளை, லண்டனில நிக்கிறன். நாயகத்திட்டை ஒண்டு சொல்லவேணும். அந்தப் பேர் விசயம். யோசிச்சுப் பாத்தன், போட்டால் பரவாயில்லை எண்டு சொல்லிவிடு.”

அவள் சிரித்தாள். பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

“அவர் ராத்திரியே போட்டிட்டார் அண்ணை. நீங்கள் மதராஸ் போய்ச் சேருமட்டும் பொறுக்கமாட்டியளாம், லண்டனில இறங்கினவுடன எடுப்பியளாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் படுத்தவர். நித்திரை, எழுப்பட்டோ?”

வேண்டாம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மீதிச் சில்லறை பெட்டிக்குள் கடகடவென்று விழுந்தது. இதையும் எனக்கு முன்னால் அவனே கண்டுபிடித்துவிட்டான்.